சொட்டுப் பொறியியலில் தகைப்பு: ஒரு வரைவிலக்கண ஆராய்ச்சி

ஓர் அறிவுத்துறை வளருந்தோறும் அதன் அடிப்படைச் சொற்கள் புதிய பொருளைத் தாங்க வேண்டியனவாகின்றன. பெரும் பொருள்களைக் கண்டு வகுத்த வரைவிலக்கணம் அணுவினுள்ளே புகும்போது சிலவிடத்து நிலைத்து நிற்கும்; சிலவிடத்துத் தளர்ந்துபோம். தளர்ந்தவிடத்து அச்சொல்லையே கைவிடுதல் தக்கதோ, அன்றி அதன் பொருளை வேறொரு வழியால் நிறுவுதல் தக்கதோ என்பது பௌதிகவியலார் பன்முறை எதிர்ப்பட்ட வினாவாகும். மாணவர் தொடக்க வகுப்பிலேயே கற்கும் ‘தகைப்பு’ என்னுஞ் சொல் இத்தகைய வினாவுக்கு உட்பட்டதொன்று. ஓரலகுப் பரப்பின்மேல் தாக்கும் விசையே தகைப்பு என்பது அவர் மனனஞ் செய்யும் வரைவிலக்கணம். சொட்டுப் பொறியியல் எனவும் குவாண்டம் பொறியியல் எனவும் வழங்கும் அணுநிலைப் பொறியியலில் அவ்வரைவிலக்கணம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும், நின்றவிடத்து அதற்கு ஈடாக வைக்கத்தக்கது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வாவிப் பாலமும் யாழ் நரம்பும்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. நகரையும் கல்லடியையும் இணைத்து அவ்வாவியின் குறுக்கே 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட உருக்குப் பாலம், அக்காலத்துத் தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் எனப் பெயர் பெற்றது. 2013ஆம் ஆண்டிலே அதனருகே புதிய பாலம் திறக்கப்படுங்காறும் ஏறக்குறைய 90 ஆண்டுகள் அதுவே மக்களையும் வண்டிகளையும் தாங்கிற்று. இத்தகைய சட்டப் பாலமொன்றின்மேல் பாரம் ஏறுங்கால், பொதுவாக அதன் மேற்சட்டங்கள் நெருக்கப்படுகின்றன, கீழ்ச்சட்டங்கள் இழுக்கப்படுகின்றன. கீழ்ச்சட்டமொன்றைக் குறுக்கே ஒரு தளம் வெட்டிச் செல்வதாகக் கற்பனை செய்க. அத்தளத்தின் ஒரு பக்கத்துள்ள உருக்கு, மறுபக்கத்துள்ள உருக்கைத் தன்பால் இழுத்து நிற்கும். அவ்விழுவையை வெட்டுமுகத்தின் பரப்பால் வகுத்தால் வருவது தகைப்பு. பொருளின் அளவுக்கேற்ப மாறும் விசையை விடுத்து, பொருள் முறியுமோ முறியாதோ என்பதைத் தீர்மானிக்கும் இவ்வளவையே பொறியியலார் கணிக்கின்றனர்.

இக்கருத்துக்கு முழுவடிவங் கொடுத்தவர் பிரான்சு நாட்டுக் கணிதவறிஞர் கோசி ஆவர். 1822ஆம் ஆண்டிலே அவர், ஒரு புள்ளியினூடு செல்லும் தளங்கள் எண்ணிறந்தனவாயினும் அவற்றுள் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களின்மேலுள்ள விசைகளை அறிந்தால் ஏனைய தளங்களின்மேலுள்ளவற்றையும் அறியலாமெனக் காட்டினார். ஆகவே தகைப்பு என்பது ஓர் எண்ணன்று. ஒன்பது கூறுகள் கொண்ட ஒரு தொகுதி. அவற்றுள் ஆறே ஒன்றையொன்று சாராதவை. அமுக்கம் என்பது அதன் சிறப்பு வகை. எல்லாத் திசையிலும் ஒத்த நெருக்கலையே அது குறிக்கும்.

வாவிக்கரை மாணவருக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு அணுக்கமானது. காரைதீவிலே 1892ஆம் ஆண்டிலே தோன்றி, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் யாழ்களின் இலக்கணத்தை ஆராய்ந்து இயற்றிய ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டிலே கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. இசையாராய்ச்சியும் கணிதமும் ஒருங்கு சேர்ந்த அந்நூல் பிறந்த நிலத்தில், நரம்பொன்றின் இழுவையைக் கொண்டு தகைப்பை விளக்குதல் பொருத்தமேயாம். வீணையொன்றிற் கட்டிய உருக்குத் தந்தியின் விட்டம் 0.3 மில்லிமீற்றர், அதன் இழுவை 40 நியூற்றன் எனக் கொள்க. அதன் தகைப்பு ஏறக்குறைய 57 கோடி பாசுக்கல் ஆகும். உருக்கின் யங்கின் மட்டு ஏறக்குறைய 20,000 கோடி பாசுக்கல் ஆகையால், தந்தியின் நீளம் ஆயிரத்தில் மூன்று பங்கிற்குச் சற்றுக் குறைவாகவே கூடியிருக்கும். நீளத்தின் இவ்விகித மாற்றமே விகாரம் எனப்படும். இரும்பிலே அடுத்தடுத்துள்ள அணுக்களின் இடைத்தூரம் ஏறக்குறைய 0.25 நானோமீற்றர், நானோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. தந்தியின் விகாரத்தை அவ்விடைத்தூரத்துக்கு ஏற்றிப் பார்த்தால் மாற்றம் 0.0007 நானோமீற்றரளவினதே. இத்துணைச் சிறிய விலகலைத் தகைந்து நிற்பது யாது? அணுக்களைப் பிணிக்கும் இலத்திரன்களே. இவ்விடத்திலேதான் பழைய வரைவிலக்கணத்துக்கு இடர் நேர்கின்றது.

வெட்டுமுகம் தளருமிடம்

கோசியின் வரைவிலக்கணம் மூன்று எடுகோள்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பொருள் இடைவெளியின்றித் தொடர்ந்திருப்பது என்பது முதலாவது. வெட்டுமுகத்தின் இரு பக்கங்களிலும் உள்ள பகுதிகள் இன்னவென ஐயமின்றிப் பிரிக்கத்தக்கன என்பது இரண்டாவது. ஒரு பகுதி மற்றதன்மேல் தாக்குவது அம்முகத்தில் தொட்டே என்பது மூன்றாவது. இரும்புச் சட்டமளவில் இம்மூன்றும் குறையின்றிப் பொருந்தும்.

அணுவளவில் மூன்றும் தளர்கின்றன. அணுக்களிடையே கற்பனைத் தளமொன்றைச் செலுத்தினால் அஃது இலத்திரன் முகிலினூடு செல்லும். அம்முகிலிலுள்ள ஓர் இலத்திரன் தளத்தின் இப்பக்கத்ததோ அப்பக்கத்ததோ எனக் கூறுதற்கில்லை. இரு பக்கத்தும் காணப்படுதற்கான நிகழ்தகவே கூறத்தக்கது. வாயுவின் அமுக்கத்தைக் கணிக்குங்கால், தளத்தைக் கடந்து செல்லும் துணிக்கைகள் கொண்டு செல்லும் உந்தத்தைக் கூட்டிக் காண்பது வழக்கம். அவ்வாறு கூட்டுவதற்குத் துணிக்கை தளத்தில் இருக்குங் கணத்தில் அதன் உந்தமும் தெரிதல் வேண்டும். இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே எல்லையற்ற நுட்பத்துடன் வரையறுத்தல் இயலாதென 1927ஆம் ஆண்டிலே ஐசன்பேக் நிறுவினார். மேலும், மின்னேற்றங்களிடையேயுள்ள கவர்ச்சியும் தள்ளுகையும் தொட்டு நிகழ்வன அல்ல. நெடுந்தூரத்திலிருந்தும் தளத்தினூடே தாக்குவன. எந்தத் தாக்கத்தை எந்தப் பரப்பின் கணக்கிற் சேர்ப்பது என்பது தானாகத் தெளிவாவதன்று.

ஆயினும், அணுக்களாலான உருக்குப் பாலம் பாரத்தைத் தாங்குகின்றது. யாழ் நரம்பு இழுவையில் நிற்கின்றது. தகைப்பு என்னும் விளைவு மெய்யானது. ஆதலின் குறைபாடு விளைவைச் சார்ந்ததன்று. அதனைக் கேட்டறியும் வினாவைச் சார்ந்தது.

சத்தியால் வரையறுத்தல்

வினாவை இவ்வாறு மாற்றலாம். ஒரு பொருளின் வெட்டுமுகத்தில் எவ்வளவு விசையுள்ளது என்று கேளாது, அப்பொருளை எள்ளளவு நீட்டினால் அதன் சத்தி எவ்வளவு மாறும் என்று கேட்க. ஒரு தந்தியை நீட்டும்போது செய்த வேலை அதன் சத்தியாகச் சேர்கின்றது. அவ்வேலை, தகைப்பு, கனவளவு, விகாரத்தின் சிறு மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கமாகும். எனவே, சத்தி விகாரத்துடன் மாறும் வீதத்தைக் கனவளவால் வகுத்தால் வருவதே தகைப்பு. வெப்பநிலை மாறாது வைத்துக் கணிக்குமிடத்துச் சத்திக்கு ஈடாகக் கட்டிலாச் சத்தியைக் கொள்ளல் வேண்டும். பெரும் பொருள்களில் இம்முறையும் வெட்டுமுக முறையும் ஒரே விடையைத் தருகின்றன. சிறப்பு யாதெனின், இம்முறைக்கு இலத்திரன் எந்தப் பக்கத்திலுள்ளது என அறிய வேண்டுவதில்லை. தொகுதியின் மொத்தச் சத்தி மட்டும் போதும். அதனைத் தருதலில் சொட்டுப் பொறியியல் வல்லது.

மிக எளிய எடுத்துக்காட்டாக, இரு சுவர்களிடையே அடைபட்ட ஓர் இலத்திரனைக் கொள்க. யாழ் நரம்பின் இரு நுனிகளும் கட்டப்பட்டிருத்தலால் அதில் எழும் அலை குறித்த சில நீளங்களையே கொள்ளல் போல, இவ்விலத்திரனின் அலையும் சுவரிடைத் தூரத்துக்குப் பொருந்திய நீளங்களையே கொள்ளும். நரம்பை மிதித்துக் குறுக்கினால் சுருதி உயர்கின்றது. அதுபோலச் சுவர்களை மெல்ல நெருக்கினால் இலத்திரனின் அலைநீளம் குறைந்து அதன் சத்தி உயர்கின்றது. சத்தி உயருமெனின் நெருக்குவோன் வேலை செய்கின்றான் என்பதும், வேலை செய்கின்றான் எனின் சுவரை இலத்திரன் வெளிநோக்கித் தள்ளுகின்றது என்பதும் பெறப்படும். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகச் சத்தி மாறுவதால், தள்ளும் விசை சத்தியின் இருமடங்கைத் தூரத்தால் வகுத்த அளவினதாகும். ஒவ்வொரு பக்கமும் ஒரு நானோமீற்றரான கனவடிவப் பெட்டியில் மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள ஒரேயோர் இலத்திரன் தரும் அமுக்கத்தைக் கணித்தால் அது 12 கோடி பாசுக்கல், அஃதாவது வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய 1,200 மடங்கு ஆகும். இதனைப் பெறுதற்கு இலத்திரன் சுவரில் மோதும் கணத்தையோ இடத்தையோ கற்பனை செய்ய வேண்டியதாயில்லை.

அலையொன்று தன்னை அடைத்து வைத்துள்ள எல்லையைத் தள்ளும் என்பது சொட்டுப் பொறியியலுக்கு முன்னரே அறியப்பட்டது. அதிரும் நரம்பொன்று வளையமொன்றினூடு செல்லுமாறு அமைத்து, அவ்வளையத்தை அதிரும் பகுதி தள்ளும் விசையை இறேலி பிரபு 1902ஆம் ஆண்டிலே கணித்துக் காட்டினார். நரம்பிலே அவ்விசை அதிர்வுச் சத்தியை நீளத்தால் வகுத்த அளவினது. இலத்திரனில் அதன் இருமடங்கு. நரம்பின் சத்தி நீளத்துக்கு நேர்மாறாகவும், இலத்திரனின் சத்தி நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவும் மாறுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இவ்வேறுபாடு பின்னரும் பயன்படும்.

பல இலத்திரன்களும் பல கருக்களும் கொண்ட தொகுதியில் சத்தி மாறும் வீதத்தைக் காண்பது கடினமெனத் தோன்றலாம். கருக்களைச் சிறிது அசைத்தால் இலத்திரன் அலை முழுவதும் மாறுமன்றோ? இவ்விடரை நீக்கிய தேற்றம் இருவர் பெயரால் வழங்குகின்றது. செருமானியராகிய ஹெல்மன் அதனை 1937ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். அடுத்த ஆண்டிலே மொஸ்கோவில், சுதாலின் ஆட்சியின் களையெடுப்பிற் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலே மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் பட்டதாரி வகுப்பு மாணவராயிருந்த பைன்மன் 1939ஆம் ஆண்டிலே அதனைத் தனியே கண்டார். அவருடைய மாணவ ஆய்வேட்டின் தலைப்பு ‘மூலக்கூறுகளில் விசைகளும் தகைப்புகளும்’ என்பது. அச்சில் வந்த கட்டுரையின் தலைப்பிலே விசைகள் மட்டும் எஞ்சின. தொகுதி தன் நிலையான சத்தி நிலையொன்றில் இருக்குமாயின், அலைச்சார்பின் சிறு மாற்றம் சத்தியை முதற்படியில் மாற்றுவதில்லை. மாற்றப்பட்ட அளவை நேரே தோற்றும் உறுப்புகளின் சராசரியைக் கண்டாற் போதும் என்பது அத்தேற்றத்தின் சாரம். பள்ளத்தின் அடியில் நிற்பவன் சற்று அப்பாலிப்பால் அசைந்தாலும் அவன் நிற்கும் உயரம் மாறாமைபோல்வது இது.

இத்தேற்றத்தின் துணைகொண்டு பளிங்கு முழுவதையும் ஒரு திசையில் எள்ளளவு நீட்டியதாகக் கொண்டு கணித்தால், தகைப்பு இரு பகுதிகளாக வருகின்றது. ஒன்று இலத்திரன்களின் இயக்கத்தால் வருவது. அஃது எப்போதும் வெளிநோக்கித் தள்ளும் இயல்பினது. மற்றது மின்னேற்றங்களின் கவர்ச்சி, தள்ளுகை ஆகியவற்றால் வருவது. பிணைந்த பொருள்களிலே அது மொத்தத்தில் உள்நோக்கி இழுக்கும். எல்லாத் திசையிலும் ஒருங்கே நீட்டுமிடத்து இது 1870ஆம் ஆண்டிலே கிளௌசியசு கண்ட தேற்றத்தின் வடிவைப் பெறும். அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி மும்மடங்காக்கினால், அஃது இயக்கச் சத்தியின் இருமடங்கினதும் நிலைச்சத்தியினதும் கூட்டுத்தொகைக்குச் சமமாகும். வெளியமுக்கமற்ற ஐதரசன் அணுவில் இயக்கச் சத்தி 13.6 இலத்திரன்வோற்று, நிலைச்சத்தி அதன் இருமடங்கான 27.2 இலத்திரன்வோற்று, எதிர்க்குறியுடன். கூட்டுத்தொகை பூச்சியமாதலைக் காண்க.

பளிங்குகளுக்கு இக்கணிப்பை முழுமையாகச் செய்தற்குரிய சூத்திரங்களை நீல்சன், மாட்டின் என்னும் இருவர் 1983ஆம் ஆண்டிலும் 1985ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். பல இலத்திரன்களின் சிக்கலை அவற்றின் அடர்த்தி ஒன்றினாலேயே கையாளும் முறை 1964ஆம், 1965ஆம் ஆண்டுகளிலே கோன் முதலியோரால் வகுக்கப்பட்டிருந்தமை அதற்கு அடிப்படையாயிற்று. பொருளொன்றைப் பரிசோதனைசாலையில் இழுத்துப் பாராமலே அதன் மீள்தன்மை மட்டுகளைக் கணிப்பொறியாற் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது.

செம்பும் விண்மீனும்

தகைப்புப் பூச்சியமென்றால் உள்ளே விசையே இல்லையென மாணவர் எண்ணுதல் இயல்பு. செப்புத் துண்டொன்று மேசைமேல் அமைதியாகக் கிடக்கின்றது. அதிலுள்ள கட்டற்ற இலத்திரன்களை, ஒன்றையொன்று தாக்காத துணிக்கைகளாகக் கொண்டு, ஒரே நிலையில் ஒத்த இரண்டு இருத்தலாகாது என்னும் பௌலியின் விதிப்படி கணித்தால், அவை வெளிநோக்கித் தரும் அமுக்கம் ஏறக்குறைய 3,800 கோடி பாசுக்கல் என வரும். இது வளிமண்டல அமுக்கத்தின் 3,70,000 மடங்குக்கு மேற்பட்டது. இவ்வளவு பெரிய தள்ளுகையைச் செப்பின் கருக்களுக்கும் இலத்திரன்களுக்கும் இடையேயுள்ள கவர்ச்சி தாங்கி நிற்கின்றது. அமைதியாய்த் தோன்றும் உலோகத்தின் பூச்சியத் தகைப்பு, இரு பெரும் வலிமைகளின் சமனிலையேயன்றி வெறுமையன்று. சமனிலையினின்றும் சிறிது விலக்கும்போது தோன்றும் எச்சமே பாலத்தையும் தந்தியையும் தாங்கும் தகைப்பாகும்.

இக்கணிப்பு அளவீட்டுடன் எவ்வளவு பொருந்தும்? உலோகத்தை எல்லாத் திசையிலும் நெருக்குதற்குள்ள எதிர்ப்பு பருமமட்டு எனப்படும். இலத்திரன் அமுக்கத்தை மட்டும் கொண்டு கணித்தால் சோடியத்தின் பருமமட்டு ஏறக்குறைய 920 கோடி பாசுக்கல். அளந்தறிந்தது ஏறக்குறைய 640 கோடி. செப்புக்குக் கணித்தது ஏறக்குறைய 6,400 கோடி. அளந்தறிந்தது அதன் இருமடங்குக்குச் சற்று மேற்பட்டது. நிலைச்சத்தியின் பங்கை விட்டுக் கணித்தமையால் இவ்வேறுபாடு எழுகின்றது. எனினும் இத்துணை எளிய கணிப்பே உரிய அளவை அணுகுதல், திண்மப் பொருள்களின் உறுதிக்கு இலத்திரன் அலைகளே மூலம் என்பதைத் தெளிவாக்கும்.

இதே தகைப்பு விண்மீன்களிலும் தொழிற்படுகின்றது. வெண்குறளிகள் எனப்படும் முதிர்ந்த விண்மீன்களை அவற்றின் ஈர்ப்பினின்றும் தாங்கி நிற்பது இலத்திரன்களின் இவ்வமுக்கமே என 1926ஆம் ஆண்டிலே பவுளர் காட்டினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர் 1930ஆம் ஆண்டிலே இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது அக்கணிப்பை மேலும் தொடர்ந்தார். விண்மீனின் திணிவு கூடுந்தோறும் இலத்திரன்கள் மிகுதியாக நெருக்குண்டு, அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும். அந்நிலையில் இலத்திரனின் சத்தி, நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறுதல் ஒழிந்து, நரம்பின் அதிர்வைப்போல நீளத்துக்கே நேர்மாறாக மாறும். விண்மீனின் ஈர்ப்புச் சத்தியும் அதன் ஆரைக்கு நேர்மாறாகவே மாறுவதால், எவ்வளவு சுருங்கினும் அமுக்கம் ஈர்ப்பை வெல்லுதல் இயலாது. எனவே ஞாயிற்றின் திணிவின் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவை இவ்வமுக்கம் தாங்காது. ஆய்வாளர் எவரும் விண்மீனின் உள்ளே தளமொன்றை வைத்து விசையை அளந்ததில்லை. சத்தி அளவோடு மாறும் வீதத்திலிருந்தே இம்முடிபு பெறப்பட்டது. 1983ஆம் ஆண்டிலே சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார்.

புள்ளியிலுள்ள தகைப்பு

இதுகாறும் கூறியவை பொருள் முழுவதற்குமுரிய சராசரித் தகைப்பைப் பற்றியன. அது சொட்டுப் பொறியியலில் ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கப்பட்டது, அளவீட்டால் சோதிக்கத்தக்கது. அணுவினுள்ளே இன்ன புள்ளியில் தகைப்பு இவ்வளவு எனக் கூற முற்படின் நிலைமை வேறாகின்றது.

அலைச் சமன்பாட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் தகைப்பைத் தரும் கோவையைச் சுறோடிங்கர் 1927ஆம் ஆண்டிலே எழுதினார். பௌலியும் 1933ஆம் ஆண்டிலே அதனை ஆராய்ந்தார். அக்கோவை, ஒரு சிறு கனவளவினுள்ளே உந்தம் எவ்வளவு வேகமாகக் கூடுகின்றது அல்லது குறைகின்றது என்பதைச் சரிவரத் தரல் வேண்டும் என்பதே அதற்குரிய நிபந்தனை. அந்நிபந்தனையை நிறைவேற்றும் கோவை ஒன்றன்று, பல.

இதனை வாவியின் நீரோட்டத்தால் விளக்கலாம். முகத்துவாரம் திறந்திருக்குங்கால் கடல்நீர் வாவியினுட் புகும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் வெளியேறும். வாவியின் ஒவ்வொரு பகுதியிலும் நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பது மட்டும் ஒருவனுக்குத் தெரியுமெனக் கொள்க. அதனைக்கொண்டு நீரோட்டத்தை முற்றாக அறிய அவனால் இயலாது. ஏனெனில், புறப்பட்ட இடத்துக்கே சுழன்று வரும் நீரோட்டமொன்றை எவ்விடத்துச் சேர்ப்பினும் நீர்மட்டம் மாறாது. புள்ளித் தகைப்பும் அவ்வாறே. எந்தச் சிறு கனவளவிலும் உந்தத்தைக் கூட்டாத, குறைக்காத ஒரு தகைப்புத் தொகுதியைச் சேர்த்துக்கொண்டாலும் இயக்கச் சமன்பாடுகள் மாறுவதில்லை. ஆனால் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. வாவியிலே மிதவையை இட்டு நீரோட்டத்தை நேரே அளக்கலாம். அணுவினுள்ளே தகைப்பை அவ்வாறு காட்டும் மிதவை யாதுமில்லை.

ஐதரசன் அணுவே இதற்குச் சான்று. அதன் இலத்திரனின் இயக்கச் சத்தி புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு என்பதைக் குறிக்க இரு கோவைகள் வழங்குகின்றன. அலைச்சார்பின் சாய்வினது வர்க்கத்தைக் கொண்டது ஒன்று. அலைச்சார்பையும் அதன் இரண்டாம் பெறுதியையும் பெருக்கிக் கொண்டது மற்றொன்று. முதலாவது எவ்விடத்தும் எதிர்க்குறி பெறாது. இரண்டாவதோ, கருவிலிருந்து போரின் ஆரையின் இருமடங்குக்கு அப்பால் எதிர்க்குறி பெறுகின்றது. ஆயினும் அணு முழுவதும் கூட்டினால் இரண்டும் அதே 13.6 இலத்திரன்வோற்றைத் தருகின்றன. புள்ளியளவில் எது மெய் என்று கேட்பதற்கு விடை கூறும் பரிசோதனை இல்லை. தகைப்பின் இயக்கப் பகுதியும் இதே கோவைகளைச் சார்ந்திருத்தலால், இவ்விருமை அதற்கும் உரியது.

இவ்விருமையை நீக்க முயன்றோர் உளர். வெளியின் அளவையையே புள்ளிக்குப் புள்ளி வேறாக நீட்டி, சத்தி மாறும் வீதத்தைக் காணும் முறை அவற்றுள் ஒன்று. ஈர்ப்புக் கொள்கையில் ஐன்சுதைனும் இல்பேட்டும் கையாண்ட கருத்து அதற்கு அடிப்படை. அம்முறை பல வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து தருகின்றது. ஆயினும் அணுக்களையும் பளிங்குகளையும் பற்றிய பரிசோதனைகளால் ஏனைய வடிவங்களைப் பிழையென விலக்குதற்கில்லை.

இது நூலறிவோடு நின்றுவிடும் நுணுக்கமன்று. உலோகத்தில் வெடிப்பொன்று எங்கே தொடங்கி எவ்வழி செல்லும் என்பதை அறிய விழையும் ஆய்வாளர், அணுவொவ்வொன்றினதும் தகைப்பைக் கணித்து நிறந்தீட்டிய படங்களை இன்று வரைகின்றனர். இலத்திரன்களை விடுத்து அணுக்களை மட்டும் துணிக்கைகளாகக் கொள்ளுமிடத்தும், 1950ஆம் ஆண்டிலே எவிங்கு, கேக்கூட்டு ஆகிய இருவர் வகுத்த முறை முதலாகப் பல முறைகள் உள. அவை தரும் புள்ளித் தகைப்புகள் ஒன்றல்ல. படத்திலே செந்நிறங்கொண்ட அணுவைச் சுட்டி ‘இங்கே தகைப்பு மிகுதி’ என ஒருவர் கூறின், அது பொருளின் இயல்போ, தெரிந்துகொண்ட கோவையின் விளைவோ எனக் கேட்டல் வேண்டும். எக்கோவையைக் கொண்டாலும் மாறாது வரும் முடிபே நம்பத்தக்கது. போதிய அளவு பெரிய பகுதியிற் சராசரி காணுமிடத்து அக்கோவைகள் யாவும் ஒன்றுபடுகின்றன. பாலங்கட்டுவோர் கணிக்கும் தகைப்பு அத்தகைய சராசரியே; ஆதலின் அவர்தம் கணிப்புக்கு இதனால் ஊறில்லை.

அளவீட்டு முறைகளும் இதனையே உணர்த்துகின்றன. இராமன் 1928ஆம் ஆண்டிலே கண்ட ஒளிச்சிதறல் விளைவு, கணிப்பொறிச் சில்லுகளிலுள்ள சிலிக்கனின் தகைப்பை அறிய இன்று பயன்படுகின்றது. சிலிக்கனின் சிதறலொளி, ஒரு சதமமீற்றருக்கு ஏறக்குறைய 520 அலைகள் என்னும் இடப்பெயர்ச்சியைக் காட்டும். பளிங்கு இழுபடின் அவ்வெண் குறையும், நெருக்குண்ணின் கூடும். அளக்கப்படுவது அணுக்களின் அதிர்வு மீடிறனே. அதிலிருந்து தகைப்பு உய்த்துணரப்படுகின்றது. ஒளிப்புள்ளி விழும் பரப்பில் அடங்கிய எண்ணிறந்த அணுக்களின் சராசரியாகவே அதுவும் பெறப்படும்.

சொல்லும் பொருளும்

விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியில் வாவிக்கரையோர்க்கு உரிய பங்குண்டு. 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்த அடிகளே. பிற்காலத்தில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களமும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இலங்கைப் பாடநூல்களிலே தகைப்பு, விகாரம் என வழங்குபவை தமிழகத்திலே தகைவு, திரிபு என வழங்குகின்றன. இரு நாட்டு வழக்கிலும் ‘தகை’ என்னும் அடியே நிற்றல் கருதத்தக்கது. தகைத்தல் என்பதற்குத் தடுத்தல், எதிர்த்து நிறுத்தல் என்பன பொருள்.

இவ்வடிச்சொல்லின் பொருளை வரைவிலக்கணத்தோடு ஒப்பு நோக்கினால் ஓருண்மை புலப்படும். ‘ஓரலகுப் பரப்பின்மேல் தாக்கும் விசை’ என்பது தகைப்பை அளக்கும் முறைகளுள் ஒன்றே. பரப்பு என ஒன்றை வரையறுக்க இயலாதவிடத்து அது பயன்படாது. பொருளொன்று தன் வடிவின் மாற்றத்தை எவ்வளவு தகைந்து நிற்கின்றது என்பதே அச்சொல்லின் உள்ளுறை. சத்தி விகாரத்துடன் மாறும் வீதம் என்னும் வரைவிலக்கணம் அதனையே கணிதமொழியிற் கூறுகின்றது. ஆதலின் அணுவுலகிற் புகுந்தபோது தமிழ்ச் சொல் தன் பொருளை இழந்திலது. பாடநூலின் முதற் சூத்திரமே தன் எல்லையைக் கண்டது.

கற்பிப்போர் தொடக்க வகுப்பிலே பரப்பையும் விசையையும் கொண்டு தகைப்பைக் கற்பித்தல் தகுதியே. மேல் வகுப்பிலே அதனோடு இரண்டு கூற்றுகளைச் சேர்த்தல் வேண்டும். முழுப் பொருளின் தகைப்பு, அதன் சத்தி விகாரத்தோடு மாறும் வீதத்தால் ஐயமின்றி வரையறுக்கப்படும் என்பது ஒன்று. புள்ளியொன்றின் தகைப்பு, தெரிந்துகொண்ட கோவையைப் பொறுத்தது; அதனைச் சராசரி கண்ட பின்னரே இயற்கையின் கூற்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது மற்றொன்று. எவ்வளவு தூரம் ஒரு சொல் மெய்யைச் சுட்டுகின்றது, எவ்விடத்திலிருந்து அது மனிதரின் உடன்பாட்டை மட்டும் சுட்டுகின்றது என்பதைப் பிரித்தறியும் மாணவனுக்கு, மனனஞ் செய்த சூத்திரம் தளரும் இடமே புதிய அறிவு தொடங்கும் இடமாக அமையும்.